குத்துவிளக்கும் பறையும்: லிங்கராஜபுரம் எழுப்பும் ஒரு திருச்சபைக் கேள்வி

1969 ஏப்ரல் 25 தேதியிட்டு ரோமிலிருந்து இந்தியக் கத்தோலிக்க ஆயர்களுக்கு ஓர் அனுமதி வந்தது. அதில் பன்னிரண்டு அம்சங்கள் இருந்தன. திருப்பலி நடக்கும்போது தரையில் உட்காரலாம்; செருப்பைக் கழற்றி வைக்கலாம். ஒற்றை முழங்காலை மடக்கி வணங்குவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தலைதாழ்த்தலாம். புனிதப் பொருள்களை உதட்டால் முத்தமிடாமல், விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மெழுகுவர்த்தி இருந்த இடத்தில் எண்ணெய் விளக்கு எரியலாம். பூசை உடுப்புக்குப் பதில் குருவானவர் எளிய அங்கியும் தோளில் சால்வையும் அணியலாம். பூவும் தூபமும் தீபமும் கொண்டு ஆரத்தி எடுக்கலாம்.

இதற்கெல்லாம் ரோமின் அனுமதி எதற்கு என்று இன்று படிக்கிறவருக்குத் தோன்றலாம். தமிழகத்துக் கிராமக் கோயில்களில் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாகத் தரையில்தான் உட்கார்ந்து பூசை கண்டார்கள். ஆனால் அந்தப் பூசை 1960கள் வரை இலத்தீனில் நடந்தது. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டி நின்று பீடத்தை நோக்கி மந்திரங்களைச் சொன்னார். அவருடைய ஒவ்வொரு கையசைவும் உலகம் முழுவதற்கும் ஒன்றாக வகுக்கப்பட்டிருந்தது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணம்தான் இந்தக் கட்டை முதலில் தளர்த்தியது. மக்கள் தங்கள் தாய்மொழியில் வழிபடலாம், அவரவர் பண்பாட்டுக்கு ஏற்பச் சடங்குகளைத் தகவமைத்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது. பன்னிரண்டு அம்சங்கள் அந்த வாசல் வழியாக வந்தவை.

அந்த மாற்றத்துக்கு இந்தியாவில் பட்டறையாக இருந்த இடம் பெங்களூரில், லிங்கராஜபுரத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. ஹட்சின்ஸ் சாலை இரண்டாம் குறுக்குத் தெருவில் உள்ள தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் அது. என்.பி.சி.எல்.சி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்திய ஆயர் பேரவை அதை 1967-இல் தொடங்கியது.

மையத்தின் மதிலுக்கு வெளியே இருக்கும் தெருக்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே பிறந்த இறையியலின் பலமும் குறையும் விளங்கும். 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு (கண்டோன்மென்ட்) அமைத்தபோது, படையோடும் படைக்கு வேண்டிய வேலைகளோடும் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் திரளாக வந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. தண்டின் விளிம்பில் கிராமமாக இருந்த லிங்கராஜபுரம் நகரம் வளர வளர அதற்குள் கலந்துவிட்டது. இன்று ஒருபுறம் குக் டவுனும் காக்ஸ் டவுனும், மறுபுறம் கம்மனஹள்ளியும் ஹென்னூர் சாலையும். பங்கு ஆலயங்களும் கன்னியர் மடங்களும் இருக்கும் அதே பகுதியில், வாடகை மாடியில் தகரக்கூரை போட்டு நடக்கும் பெந்தெகொஸ்தே சபைகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை தமிழ், கன்னடம், ஆங்கிலம், மலையாளம், தெலுங்கு என்று தெருவுக்குத் தெரு ஆராதனை மொழி மாறுகிறது. படிக்கவும் வேலைக்கும் வந்த வடகிழக்கு மாநில இளைஞர்கள் தங்கள் மொழிகளிலும் கூடுகிறார்கள்.

இத்தனை விதமான மக்கள் நடுவில் திருச்சபை இந்தியத் தன்மை பெற வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அடுத்த கேள்வி தானாக எழும். யாருடைய இந்தியா?

கல்லேரியிலிருந்து வந்தவர்

என்.பி.சி.எல்.சி.யை நிறுவி வளர்த்தவர் ஒரு தமிழர். துரைசாமி சைமன் அமலோர்பவதாஸ் 1932-இல் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கல்லேரியில் பிறந்தார். பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிறுவனத்தில் இறையியல் படித்துவிட்டுத் திரும்பினார். அவருடைய அண்ணன் சைமன் லூர்துசாமி 1968 முதல் 1971 வரை பெங்களூர்ப் பேராயர். பின்னாளில் ரோமில் பெரும் பொறுப்புகளை ஏற்று 1985-இல் கர்தினாலானவர். இந்திய ஆயர்களின் திருவழிபாட்டுப் பணியைத் தலைமையேற்று நடத்தியவரும் அவரே. பன்னிரண்டு அம்சங்களை ரோமின் ஒப்புதலுக்குக் கொண்டுபோனதில் அண்ணன், தம்பி இருவரின் உழைப்பும் பெரியது.

தம்பியின் பார்வை சடங்குகளோடு நிற்கவில்லை. 1969 மே மாதம் பெங்களூர் தர்மாராம் கல்லூரியில் 'இன்றைய இந்தியாவில் திருச்சபை' என்ற அகில இந்தியக் கருத்தரங்கு பத்து நாள் நடந்தது. ஆயர்கள், குருக்கள், துறவியர், பொதுநிலையினர் என்று எல்லோரும் ஒரே அரங்கில் அமர்ந்து திருச்சபையின் போக்கைப் பற்றிப் பேசியது இந்தியாவில் அதுவரை இல்லாத நிகழ்வு. அதன் பின்னணியில் ஓடியாடி உழைத்தவர்களில் முதன்மையானவர் அமலோர்பவதாஸ். 1974-இல் நற்செய்திப் பணி பற்றி ரோமில் உலக ஆயர் மாமன்றம் கூடியபோது அதன் சிறப்புச் செயலர்கள் இருவரில் ஒருவராகவும் இருந்தார்.

லிங்கராஜபுரம் பக்கத்து மையத்துக்கு நாடெங்கிலுமிருந்து குருக்களும் கன்னியரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் பயிற்சிக்கு வந்தார்கள். பைபிளை எப்படி வாசிப்பது, பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது, திருப்பலியில் மக்களைப் பார்வையாளராக விடாமல் எப்படிப் பங்கெடுக்க வைப்பது என்று கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். இன்று ஞாயிறு பூசையில் ஒரு சாதாரணப் பெண் மேடையேறி முதல் வாசகம் வாசிக்கிறார். பொதுநிலையினர் விசுவாசிகள் மன்றாட்டைத் தங்கள் சொற்களிலேயே சொல்கிறார்கள். இது இந்தியாவில் வேர்பிடித்ததற்குப் பின்னால் அந்தப் பயிற்சி வகுப்புகளுக்குப் பங்குண்டு. ஆரத்தித் தட்டைப் பற்றிய சண்டையில் இந்த நன்மை பேசப்படாமலே போய்விட்டது. அமலோர்பவதாஸின் ஆழமான சாதனை இதுவே.

இரு பக்கத்து எதிர்ப்பு

சண்டை பெரிதாகவே நடந்தது. கோபுரத் தோற்றமும் இந்தியச் சின்னங்களும் கொண்டு எழுந்த மையத்தின் ஆலயம் பலரைக் கலங்க வைத்தது. சென்னையைச் சேர்ந்த கத்தோலிக்கப் பத்திரிகையாளர் விக்டர் குழந்தை 1985-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். இந்தியத் திருச்சபையைப் புறச்சமயமாக்குகிறார்கள் என்பது அதன் குற்றச்சாட்டு. ஆரத்தியும் ஓங்காரமும் இந்து வழிபாட்டுக்கு உரியவை, அவற்றைப் பீடத்துக்குக் கொண்டுவந்தால் விசுவாசம் கரைந்துபோகும் என்று அவரும் அவரைப் போன்றவர்களும் அஞ்சினார்கள்.

அந்த அச்சத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. பழைய ஏற்பாடு முழுவதும் ஓடும் ஒரு கேள்வி அது: சுற்றி இருக்கிறவர்கள் வணங்கும் முறையில் இஸ்ரயேல் தன் கடவுளை வணங்கலாமா? தீர்க்கதரிசிகள் கூடாது என்று சீறியதும் உண்டு. அண்டை நாட்டுக் கட்டடக் கலையோடு எருசலேம் தேவாலயம் எழுந்ததும் உண்டு. புதிய ஏற்பாட்டில் யூதர் அல்லாதவர்கள் விசுவாசத்துக்கு வந்தபோது, அவர்கள் யூத வழக்கங்களை ஏற்க வேண்டுமா என்று எருசலேமில் சங்கம் கூடி விவாதித்ததை அப்போஸ்தலர் பணி நூலின் 15-ஆம் அதிகாரம் சொல்கிறது. விருத்தசேதனச் சுமையை அவர்கள்மேல் ஏற்ற வேண்டாம் என்பது முடிவு. ஒரு பண்பாட்டுக்குள் நுழைவதா, அதிலிருந்து விலகி நிற்பதா என்ற இந்த இழுபறி கிறிஸ்தவத்தோடு கூடவே பிறந்தது.

மேலிருந்தும் தடை வந்தது. இந்தியப் பாணியில் அமைந்த நற்கருணை மன்றாட்டு ஒன்றை மையத்தைச் சூழ்ந்தவர்கள் உருவாக்கியிருந்தார்கள். பிற சமயங்களின் மறைநூல்களை வழிபாட்டில் வாசிக்கலாமா என்று 1974 டிசம்பரில் ஓர் ஆய்வுக் கருத்தரங்கும் அங்கே நடந்தது. 1975-இல் ரோம் இரண்டுக்கும் தடை போட்டது. மையத்தின் பொறுப்பை 1982-இல் விட்ட அமலோர்பவதாஸ், மைசூரில் தாம் தொடங்கியிருந்த அஞ்சலி ஆசிரமத்திலும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தாம் உருவாக்கிய கிறிஸ்தவவியல் துறையிலும் கவனம் செலுத்தினார். 1990 மே மாதம் சாலை விபத்தில் இறந்தார். வயது 57.

சிவாஜி நகர் திருவிழா

பன்னிரண்டு அம்சங்கள் பங்கு ஆலயங்களில் ஏன் பரவலாகப் பிடிக்கவில்லை? எதிர்ப்பாளர்களின் பிரசாரம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் காண லிங்கராஜபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் போனால் போதும்.

சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்தின் கதை 1818-இல் மறைபரப்பாளர் அபே துபுவா எழுப்பிய சிறு ஆலயத்திலிருந்து தொடங்குகிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் வாழ்ந்த இடம் அது. இன்றுள்ள கோத்திக் பாணிக் கட்டடம் 1882 செப்டம்பர் 8 அன்று மந்திரிக்கப்பட்டது. ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறும். பத்து நாளும் நவநாள் நடக்கும். செப்டம்பர் 8 அன்று தேர்பவனி. காவி உடுத்தி விரதமிருந்து பெண்கள் வருவார்கள். மாதா சுரூபத்துக்குப் பட்டுச்சேலை கட்டியிருக்கும். நேர்ந்துகொண்டவர்கள் மெழுகுவர்த்தியும் பூமாலையும் செலுத்துவார்கள். கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் கூட்டத்தில் இருப்பார்கள். வேளாங்கண்ணியில் முடி காணிக்கை கொடுக்கிற குடும்பங்களே இங்கும் வந்து நிற்கும்.

இதில் எதையும் எந்தக் குழுவும் தீர்மானம் போட்டுக் கொண்டுவரவில்லை. மக்கள் தங்கள் கையில் இருந்த பக்தி மொழியை எடுத்து, தங்கள் தாயோடு பேசினார்கள். திருச்சபை அதைச் சில காலம் கடிந்தது, சில காலம் பொறுத்தது, பிறகு தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. மையம் முன்வைத்த வழிபாடோ அமைதியானது, தியானம் சார்ந்தது, உபநிடதச் சாயல் கொண்டது. ஆசிரமத்தில் அமர்ந்து தியானிக்கும் துறவிக்கு அது பொருந்தும். வாரமெல்லாம் வீட்டு வேலை செய்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் குறைய வேண்டும் என்று மெழுகுவர்த்தியோடு வரும் தாய்க்கு அது தன் வீட்டு வழிபாடாகத் தெரியவில்லை. அவளும் இந்தியப் பண்பாட்டில்தான் வாழ்கிறாள். அவளுடைய பண்பாடு எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

மில்லர்ஸ் சாலையில் எழுந்த குரல்

இந்தக் குறையைக் கூர்மையாகச் சுட்டியவர்கள் புராட்டஸ்டன்ட் பக்கத்திலிருந்து வந்தார்கள். பென்சன் டவுன் மில்லர்ஸ் சாலையில் 1910-இல் தொடங்கப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரி இருக்கிறது. இறையியலாளர் எம்.எம். தாமஸ் இயக்குநராக இருந்து, விடுதலைக்குப் பின்னான இந்திய சமூகத்தில் கிறிஸ்தவரின் கடமையை விவாதித்த கிறிஸ்தவ சமய, சமூக ஆய்வு நிறுவனமும் பெங்களூரில்தான் இயங்கியது. 1981 ஏப்ரலில் ஐக்கிய இறையியல் கல்லூரியில் இறையியலாளர் அர்விந்த் பி. நிர்மல் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சூத்திர இறையியலை நோக்கி என்பது அதன் தலைப்பு. தலித் இறையியலின் தொடக்கமாக இன்று எல்லோரும் சுட்டுவது அந்த உரையைத்தான்.

நிர்மலின் வாதம் எளிமையானது. இந்தியக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தலித்துகள். ஆனால் இந்தியக் கிறிஸ்தவ இறையியல் என்று எழுதப்பட்டதெல்லாம் வேதாந்தத்தோடும் பிராமண மரபோடும் நடத்திய உரையாடல். கிறிஸ்துவைப் பிரம்மத்தோடும் அவதாரத்தோடும் ஒப்பிட்டார்கள். சேரியில் வாழ்கிற கிறிஸ்தவனின் அனுபவத்தோடு யாரும் ஒப்பிடவில்லை. எகிப்தில் ஒடுக்கப்பட்டிருந்த தங்கள் முன்னோரை நினைவுகூர்ந்து முதற்கனி படைக்கும் இஸ்ரயேலரின் அறிக்கை இணைச்சட்ட நூலின் 26-ஆம் அதிகாரத்தில் வருகிறது. நிர்மல் அதை எடுத்துக்கொண்டு, தலித் கிறிஸ்தவர்களும் தங்கள் முன்னோரின் அவமானத்தையும் அலறலையும் அதே போல் அறிக்கையிட வேண்டும் என்றார். சிலுவையில் கைவிடப்பட்ட இயேசுவிடம் தலித்தின் முகத்தைக் கண்டார்.

பின்னர் அதே கல்லூரியில் கற்பித்த சத்தியநாதன் கிளார்க், 1998-இல் வெளிவந்த தம் நூலில் இன்னும் ஓர் அடி முன்னே போனார். தமிழகக் கிராமத்துப் பறையர்களின் வாழ்வை ஆராய்ந்து, எழுத்து மறுக்கப்பட்ட மக்களின் மறைநூலாகவும் கிறிஸ்துவின் குறியீடாகவும் பறையை முன்வைத்தார். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட தியாப்பிலஸ் அப்பாவு இதையே பாட்டாகச் செய்து காட்டினார். கர்நாடக இசை சார்ந்த கீர்த்தனைகளையும் மேல்நாட்டு ஞானப்பாட்டுகளையும் பாடிப் பழகிய தென்னிந்தியத் திருச்சபை ஆராதனைக்குள் நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் பறையையும் கொண்டுவந்தார். எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தின் பொருளாக விளக்கினார். சாதி ஒழிய வேண்டுமானால் முதலில் பந்தி ஒன்றாக வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் செய்முறையாகவே கற்றுத்தந்தார்.

குத்துவிளக்கை ஏற்றலாம் என்ற அனுமதி 1969-இல் வந்தது. பறையை அடிக்கலாம் என்று அப்போது யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதே நிர்மலும் கிளார்க்கும் அப்பாவுவும் திருச்சபையிடம் காட்டிய காயம்.

தரை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை

இந்தக் காயம் நானூறு ஆண்டு பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, சைவ உணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்றுப் பண்பாட்டு வழியில் நற்செய்தி சொன்ன முன்னோடி. தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவருடைய முறையை ஏற்றார். ஆனால் உயர்சாதியினர் நடுவே பணிபுரிய ஒரு வகைத் துறவி, ஒடுக்கப்பட்டோர் நடுவே பணிபுரியப் பண்டாரசாமி என்று அந்த மறைபரப்பு இரண்டாகப் பிரிந்தே நடந்தது. பண்பாட்டை மதித்தபோது சாதியும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இது கட்டடமாகவே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எழுந்த ஆலயம், ஒரே பீடத்திலிருந்து இரு பக்கமும் பிரியும் இரண்டு கூடங்களைக் கொண்டது. ஒரு கூடத்தில் வேளாளர், மறு கூடத்தில் மற்றவர்கள், நடுவில் சுவர். 1910-இல் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதிப் பிரிவினையைக் கேட்டவர்கள் தோற்றார்கள். புராட்டஸ்டன்ட் பக்கமும் மாசற்றதாக இல்லை. தமிழ்க் கிறிஸ்தவ இசைக்கு ஈடில்லாத கொடை தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார், ஆலயத்துக்குள் சாதி வேற்றுமையை ஒழிக்க மிஷனரிகள் முனைந்தபோது அதை எதிர்த்து எழுதியவர்.

தரையில் உட்காரலாம் என்ற அனுமதி இந்த வரலாற்றின் மேல்தான் வந்து விழுந்தது. கண்டோன்மென்ட் ஆலயங்களில் பெஞ்சில் உட்கார்ந்து பழகியவருக்குத் தரை ஓர் ஆன்மிகப் புதுமை. சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கோ, தன் தாத்தாவை உட்கார வைத்த தரை அது. பெஞ்சில் சமமாக உட்கார்வதே அவர் கண்ட விடுதலை. குத்துவிளக்கையும் ஆரத்தியையும் அவர் தயக்கத்தோடு பார்த்தாரென்றால், அவற்றுக்கு உரியவர்கள் தன்னை வாசலில் நிறுத்தியதை அவர் மறக்கவில்லை என்று பொருள்.

நகரத்துக்கு வந்தால் சாதி கழன்றுவிடும் என்ற நம்பிக்கையும் முழுக்க உண்மையாகவில்லை. கல்யாணப் பேச்சில் அது திரும்பி வருகிறது. சபை விளம்பரங்களில் 'விசுவாசக் குடும்பம்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் நிற்கிறது.

அரசின் பக்கத்திலிருந்தும் இரட்டைச் சுமை உண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தும் அது நடக்கவில்லை.

இலத்தீன் போன பிறகு

பெங்களூரில் இன்னொரு பிளவும் அதே காலத்தில் திறந்தது. இலத்தீன் யாருக்கும் தாய்மொழி அல்ல என்பதால் அதில் எல்லோரும் ஒரே அளவுக்கு அந்நியர்கள். தாய்மொழியில் வழிபடலாம் என்றதும் எந்தத் தாய்மொழி என்ற கேள்வி வந்தது. உயர்மறைமாவட்டத்தில் தமிழர்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள். கன்னடக் கத்தோலிக்கர்களோ, கன்னட மண்ணில் கன்னடம் இரண்டாம் இடத்தில் நிற்கலாமா என்று கேட்டார்கள். எந்த மணிப் பூசை எந்த மொழியில், பங்குத்தந்தை எந்த மொழிக்காரர், குருமடத்தில் யாருக்கு இடம் என்று தகராறு பல பத்தாண்டுகள் நீண்டது. ஆலய முற்றங்களில் கைகலப்பு வரை போன நாள்களும் உண்டு.

தமிழர்கள் இதில் தங்கள் நியாயத்தை மட்டும் பேசினால் போதாது. இருநூறு ஆண்டு முன்பு தண்டுக்கு வந்த குடும்பங்களுக்குத் தமிழில் ஜெபிக்கும் உரிமை உண்டு, அதில் ஐயமில்லை. அதே நேரத்தில், ஆனேகல், கனகபுரம் பக்கத்துக் கன்னடக் கத்தோலிக்கருக்குத் தன் மாநிலத் தலைநகரில் தன் மொழியில் பூசை குறைவாகக் கிடைப்பது வலிக்கும். பெரும்பான்மையாக இருக்கும் இடத்தில் சிறுபான்மையின் வலியைக் கேட்பதும் விசுவாசத்தின் பகுதி. லிங்கராஜபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படித்து, வேலையில் ஆங்கிலம் பேசி, ஞாயிறு மட்டும் தமிழில் பாடுகிறார்கள். அவர்களுக்குப் பாடல் வரிகள் திரையில் ஆங்கில எழுத்தில் தேவைப்படுகின்றன. மொழிச் சண்டையில் நின்ற தாத்தாக்கள் எதிர்பார்க்காத நிலை இது.

மாடிச் சபைகள்

இந்தப் பிள்ளைகளும் அவர்களின் அம்மாக்களும் இப்போது அதிகம் போகும் இடம் மாடிச் சபைகள். பங்கு ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை வாங்கி, பிறகு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பாஸ்டரிடம் போகிறவர்கள் ஏராளம். கத்தோலிக்கக் குருவாக இருந்து பின்னர் விலகிய பெர்க்மான்ஸின் 'ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்' எல்லாச் சபையிலும் ஒலிக்கின்றன. கத்தோலிக்கக் கரிஸ்மாட்டிக் கூட்டத்திலும் அவையே.

இவர்களை ஏமாந்தவர்கள் என்று பேசும் போக்கு பெரிய சபைகளில் இருக்கிறது. அது அநியாயம். மாடிச் சபையில் பாஸ்டருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். யார் வீட்டில் குடித்துவிட்டு வருகிறார்கள், யார் வாடகை கட்டவில்லை, யாருக்கு டயாலிசிஸ் என்று தெரியும். தலையில் கைவைத்து அவர் ஜெபிக்கிறார். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் அங்கே எழுந்து நின்று சாட்சி சொல்கிறாள். ஐம்பது பேர் கேட்கிறார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவளை யாரும் இவ்வளவு நேரம் கேட்பதில்லை. நிர்மல் வகுப்பறையில் கேட்ட உரிமையை, இறையியல் பெயர் எதுவும் வைக்காமல், அவள் அங்கே பெற்றுக்கொள்கிறாள்.

ஆபத்துகளும் உண்டு. காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று போதிக்கும் இடத்தில், கடன் தீராதவள் தன் விசுவாசம் குறைவு என்று நொந்துபோகிறாள். மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்பச் சொல்லும் போதனை உயிரைக் கேட்கும். கணக்குக் கேட்க ஆளில்லாத சபையில் ஒரே மனிதரின் வாக்கு வேதமாகிவிடுகிறது. இங்கேதான் பயிற்சி பெற்ற இறையியலாளர்கள் தேவைப்படுகிறார்கள். ஐக்கிய இறையியல் கல்லூரி, தர்மாராம், மல்லேஸ்வரம் புனித பேதுரு குருமடம், கொத்தனூரில் சாயக்ஸ் என்று இவ்வளவு இறையியல் நிறுவனங்கள் நெருங்கி இருக்கும் நகரம் இந்தியாவில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அவற்றின் நூலகங்களுக்கும் இந்த மாடிப்படிகளுக்கும் நடுவே போக்குவரத்து மிகக் குறைவு.

இப்போது செய்யக்கூடியவை

காலம் சற்று நகர்ந்திருக்கிறது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் ஆற்றல் வளர்ப்புக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்டில் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினாலானார். தலித் சமூகத்திலிருந்து அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் மனிதர் அவர். 2021-இல் பாப்பரசர் பிரான்சிஸ் தொடங்கி 2024-இல் நிறைவு செய்த ஆயர் மாமன்றம், பங்கு மட்டத்தில் சாதாரண மக்களைக் கேட்டறிவதிலிருந்து தொடங்கியது. ஆவணங்கள் சரியான திசையில் இருக்கின்றன.

அவை லிங்கராஜபுரத்துக்கு வந்துசேர மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, 2016 கொள்கை ஆவணம் ஒவ்வொரு பங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் வாசிக்கப்பட வேண்டும். பங்குப் பேரவையில் யார் யார் இருக்கிறார்கள், கத்தோலிக்கப் பள்ளிகளில் தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம் தரப்படுகிறது என்று ஆண்டுதோறும் மக்கள்முன் கணக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஹட்சின்ஸ் சாலை மையத்தின் பயிற்சிகளில் ஆரத்திக்குக் கிடைத்த அதே மதிப்போடு பறையும் ஒயிலாட்டமும் இடம்பெற வேண்டும். கற்பிப்பவர்களாக அந்தக் கலைஞர்களே வர வேண்டும். அமலோர்பவதாஸ் தொடங்கியதை முழுமையாக்கும் வழி இதுவே என்று நம்பலாம். மக்கள் பங்கேற்க வேண்டும் என்பதற்காகத்தானே அவர் இவ்வளவு பாடுபட்டார்.

மூன்றாவது கடினமானது. கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், மாடிச் சபைப் பாஸ்டர்கள் மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இப்போது அவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்தும் ஒருவர் ஆட்டை மற்றவர் இழுத்துக்கொண்டதாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பேசத் தொடங்க ஒரு நல்ல பொருள் கைவசம் உண்டு: குடிநோய்க்கு ஆளான கணவர்கள், மருத்துவச் செலவு, கந்துவட்டி. மூன்று சபைகளின் ஜெபக் குறிப்பேடுகளிலும் ஒரே தெருவின் ஒரே துயரங்கள்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மாதம் ஒருமுறை கூடி, குடிநோய் மீட்புக்கும் மருத்துவ உதவிக்கும் பொதுவான ஏற்பாடு ஒன்றைத் தொடங்க எந்தப் பேராயரின் அனுமதியும் வேண்டியதில்லை. அந்தக் கூட்டம் முதலில் யார் இடத்தில் நடப்பது என்பதைத்தான் அவர்கள் பேசி முடிவு செய்ய வேண்டும்.